பருவுக்கு இரட்டை மருந்து ஜெல்: வாங்குவதும் பூசுவதும்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். இந்தப் பக்கத்து இளைஞர்களில் பலருக்கு நாள் தொடங்குவது வேலைக்கு ஓடும் அவசரத்தில். காக்களூர் தொழிற்பேட்டைக்குச் சிலர், கும்மிடிப்பூண்டி சிப்காட் வரைக்கும் சிலர், திருவள்ளூரில் மின்சார ரயில் பிடித்து அம்பத்தூருக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் சிலர். ஹெல்மெட், மாஸ்க், மெஷின் எண்ணெய், வியர்வை எல்லாம் முகத்தோடு உரசும் வேலைகள். பதினாறு வயதில் வந்த பரு இருபத்தைந்து ஆகியும் போகவில்லை என்றால் அவர்கள் முதலில் போய் நிற்பது மெடிக்கல் கடையில்தான். "அண்ணா, பிம்பிளுக்கு நல்ல ஜெல்லா ஒண்ணு குடுங்க."

அப்படிக் கேட்டு வாங்கும் ட்யூபில் ஒரு மருந்து இருக்கலாம், இரண்டு இருக்கலாம். பருவுக்கே ஆகாத மருந்தும் இருக்கலாம். பார்க்க மூன்றும் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் இருக்கும், மூன்றும் கையில் வழுக்கும். வித்தியாசம் பெட்டியின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு மூன்று சொற்களில் இருக்கிறது. அந்தச் சொற்களைப் படிக்கத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

பெட்டியில் தேட வேண்டிய பெயர்கள்

கம்பெனி வைத்த பெரிய பெயரை விட்டுவிட்டு அதன் கீழே உள்ள மருந்துப் பெயரைப் பார்க்க வேண்டும். பருவுக்கான கூட்டு ஜெல்களில் அடிக்கடி வரும் பெயர்கள் மூன்று: அடாபலின், பென்சாயில் பெராக்சைடு, கிளிண்டாமைசின். இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்திருந்தால் அது இரட்டை ஜெல். அடாபலின் 0.1 சதவீதமும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் சேர்ந்தது ஒரு வகை. கிளிண்டாமைசின் 1 சதவீதத்தோடு பென்சாயில் பெராக்சைடு சேர்ந்தது இன்னொரு வகை. கிளிண்டாமைசினோடு அடாபலின் சேர்ந்ததும் நம் கடைகளில் நிறைய விற்கிறது. கிளிண்டாமைசினோடு நிகோட்டினமைடு சேர்த்ததும் உண்டு.

ஏன் இரண்டு மருந்து? பரு ஒரே காரணத்தால் வருவதில்லை. முடி முளைக்கும் நுண்குழியின் வாயில் இறந்த செல்கள் அடைத்துக்கொள்கின்றன. உள்ளே சுரக்கும் எண்ணெய் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. அந்தக் காற்றுப் புகாத இடத்தில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. பிறகு தோல் சிவந்து வீங்குகிறது. அடாபலின் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. அது குழியின் வாய் அடைபடாமல் செல்களை ஒழுங்காக உதிரச் செய்கிறது. வீக்கத்தையும் தணிக்கிறது. பென்சாயில் பெராக்சைடு உள்ளே ஆக்சிஜனை வெளியிட்டு, ஆக்சிஜன் ஆகாத அந்தப் பாக்டீரியாவைக் கொல்கிறது. ஒன்று வாயைத் திறந்து வைக்கிறது, இன்னொன்று உள்ளே போய் வேலை செய்கிறது.

இரண்டையும் ஒரே ட்யூபில் அடைப்பது சாதாரணமாக நடந்துவிடவில்லை. வைட்டமின் ஏ குடும்பத்தின் மூத்த மருந்தான ட்ரெடினோயின், பென்சாயில் பெராக்சைடு பட்டாலே சிதைந்துவிடும், வெளிச்சத்திலும் சிதையும். அடாபலின் இரண்டையும் தாங்கும். அதனால்தான் அடாபலின், பென்சாயில் பெராக்சைடு கூட்டு சாத்தியமாயிற்று. அமெரிக்காவில் எபிடுவோ என்ற பெயரில் அதற்கு 2008 டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

அதற்கு முந்தைய வருடம் வெளியான ஓர் ஆய்வு, ஜெல் வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 517 பேரை நான்கு குழுவாகப் பிரித்து 12 வாரம் பூச வைத்தார்கள். கூட்டு ஜெல் பூசியவர்களில் 27.5 சதவீதம் பேருக்கு முகம் முழுசாகவோ கிட்டத்தட்ட முழுசாகவோ தெளிந்தது. அடாபலின் மட்டும் பூசியவர்களில் 15.5, பென்சாயில் பெராக்சைடு மட்டும் பூசியவர்களில் 15.4, மருந்தே இல்லாத வெறும் ஜெல் பூசியவர்களில் 9.9. கூட்டு ஜெல் தனி மருந்தை நன்றாகவே முந்துகிறது. அதே சமயம், மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் நான்கில் ஒருவரைவிடச் சற்று அதிகமானோர்தான் அந்த எல்லையை எட்டினார்கள். மற்றவர்களுக்குப் பயனே இல்லை என்று பொருளில்லை. கூட்டு ஜெல் குழுவில் பருக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பத்து நாளில் பளிங்கு முகம் என்று சொல்லி விற்கிற எதையும் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

2023 அக்டோபரில் மூன்று மருந்தும் சேர்ந்த ஜெல்லுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதன் ஆய்வுகளில் சுமார் பாதிப் பேர் அந்த எல்லையை எட்டினார்கள்.

கிளிண்டாமைசின் மட்டும் போதுமா?

போதாது. இந்த இடத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடையில் சுலபமாகக் கிடைப்பது இதுதான். கிளிண்டாமைசின் ஓர் ஆன்டிபயாடிக். அதை மட்டும் மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் பருவின் பாக்டீரியா அதற்குப் பழகிவிடுகிறது. முதலில் கேட்ட மருந்து பிறகு கேட்காது. பழகிய பாக்டீரியா வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஆன்டிபயாடிக்கைத் தனியாகப் பூசக் கூடாது என்றே சொல்கிறது. பென்சாயில் பெராக்சைடுக்குப் பாக்டீரியா பழகுவதில்லை. அதனால் கிளிண்டாமைசின் எழுதிக் கொடுக்கும்போது அதோடு பென்சாயில் பெராக்சைடும் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. மூன்று மாதம் ஆனதும் "இதை இன்னும் தொடரணுமா டாக்டர்?" என்று கேட்பதும்தான்.

பூசும் முறை

ஜெல் வேலை செய்யவில்லை என்று ட்யூபைத் தூக்கிப் போடுகிறவர்களில் பலர் அதைப் பூசிய விதத்தில் கோட்டை விட்டவர்கள்.

இரவு தூங்கப் போகும் முன் முகத்தை மிதமான சோப்பாலோ ஃபேஸ்வாஷாலோ ஒரே ஒரு தடவை கழுவ வேண்டும். நாரோ ஸ்க்ரப்போ கூடாது. துண்டால் ஒத்தி எடுத்துவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். ஈரத் தோலில் பூசினால் எரிச்சல் கூடும். பிறகு ட்யூபை ஆள்காட்டி விரல் நுனியில் பிதுக்கி ஒரு பட்டாணி அளவு எடுக்க வேண்டும். அதை நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, இரண்டு கன்னங்களில் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று என ஐந்து புள்ளியாக வைத்து, விரலால் மெல்ல இழுத்து முகம் முழுக்கப் பரப்ப வேண்டும். பூசிய பிறகு முகத்தில் வெள்ளையாக எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் அளவு கூடிவிட்டது. கண்ணோரம், உதடு, வாயின் இரு ஓரம், மூக்கின் பக்கவாட்டு மடிப்பு ஆகியவற்றைத் தொடக் கூடாது. தோல் முதலில் வெடிப்பது அங்கேதான்.

பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைக்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். அடாபலின் கலந்த ஜெல்லுக்கு அது சரிவராது. இன்றைக்குத் தெரியும் பரு பல வாரங்களுக்கு முன்பே தோலுக்கடியில் தொடங்கிவிட்டது. அடுத்து வரப்போகும் பரு இப்போது கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் உருவாகிக்கொண்டிருக்கிறது. பூசுவது அதைத் தடுக்கத்தான்.

15 கிராம் ட்யூப் முகத்துக்கு மட்டும் பூசினால் ஒரு மாதமாவது வர வேண்டும். பத்து நாளில் காலியானால் கை தாராளமாகிவிட்டது என்று அர்த்தம். அதிகம் பூசினால் பரு சீக்கிரம் போகாது, தோல்தான் சீக்கிரம் உரியும்.

முதல் தடவை பூசுகிறவர்கள் முகம் முழுக்க ஆரம்பிக்காமல், தாடையோரம் ஒரு சின்ன இடத்தில் மூன்று இரவு பூசிப் பார்ப்பது நல்லது. பென்சாயில் பெராக்சைடு சிலருக்கு ஒவ்வாமை தரும். லேசான எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. கண் இமை வீங்குவது, முகம் தடித்துக் கடுமையாக அரிப்பது, மூச்சு இழுப்பது, தொண்டை அடைப்பது ஆகியவை வந்தால் உடனே கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த ட்யூபை மறுபடி தொடக் கூடாது.

எதுவும் ஆகவில்லை என்றால் முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு தினமும். ஜெல் காய்ந்ததும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத மாய்ஸ்சரைசர் போட வேண்டும். "எனக்கே எண்ணெய் முகம், மாய்ஸ்சரைசர் எதுக்கு?" என்று பலர் கேட்பார்கள். ஜெல் தோலை வறட்டிவிடும், வறண்ட தோல் எரியும், எரிந்தால் பூசுவதை நிறுத்திவிடுவார்கள். சிகிச்சை பாதியில் நிற்பதற்குப் பெரிய காரணம் இந்த எரிச்சல்தான். காலையில் வெளியே போகும் முன் சன்ஸ்க்ரீன் அவசியம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது இரட்டிப்பு அவசியம். நம் தோலில் பரு ஆறினாலும் அதன் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். வெயில் அதை இன்னும் கருக்க வைக்கும். ஜெல்லால் வரும் எரிச்சலே கூடப் புதிய கறுப்பை உண்டாக்கும். மெல்லத் தொடங்கச் சொல்வது அதற்காகவும்தான்.

வீட்டில் அம்மாவிடம் திட்டு வாங்காமல் இருக்க ஒரு விஷயம்: பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும். நீலத் தலையணை உறையில் ஆரஞ்சு திட்டு விழும், துப்பட்டாவின் ஓரம் வெளிறும். பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தலையணைக்கு வெள்ளை உறை, முகத்துக்கு வெள்ளைத் துண்டு என்று தனியாக வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

முதல் மாதம்

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சிலருக்குப் பரு கூடியது போலத் தெரியும். தோல் உரியும், சிவக்கும். பயந்து நிறுத்த வேண்டிய கட்டம் அல்ல இது. ஒரு நாள் விட்டுப் பூசுவதற்குத் திரும்பி, மாய்ஸ்சரைசரைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். எட்டாவது வாரத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். பன்னிரண்டாவது வாரத்தில்தான் ஜெல் கேட்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லலாம். முகம் தெளிந்த பிறகும் ஆன்டிபயாடிக் இல்லாத ஜெல்லை மருத்துவர் தொடரச் சொல்வதுண்டு, திரும்ப வராமல் இருப்பதற்காக.

இந்த நாட்களில் எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட், ஸ்க்ரப் எல்லாம் வேண்டாம். புருவத்துக்கு த்ரெட்டிங், உதட்டுக்கு மேல் வேக்ஸிங் செய்கிற பெண்கள் அதற்குச் சில நாள் முன்பே அந்த இடத்தில் ஜெல்லை நிறுத்த வேண்டும். வேக்ஸிங்கில் தோலே உரிந்து வந்துவிடக்கூடும். கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் அடாபலின் பூசக் கூடாது. அவர்களுக்கு வேறு மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேட்டால் தருவார். தலைக்கு வழிய எண்ணெய் வைப்பவர்களுக்கு நெற்றியோரம் வரிசையாகப் பொரிப்பொரியாக வரும். அதற்கு ஜெல்லோடு எண்ணெயையும் குறைக்க வேண்டும்.

பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கு

சிப்காட், சிட்கோ பகுதிகளில் லேத், சிஎன்சி மெஷின் ஓட்டுபவர்களுக்கு வரும் பரு எல்லாமே வயசுப் பரு அல்ல. கட்டிங் ஆயில் தெறித்த துணி தொடையிலும் முன்கையிலும் உரசிக்கொண்டே இருந்தால் அங்கே கரும்புள்ளியும் சீழ்க்கட்டியுமாக வரும். தொழில் மருத்துவத்தில் இது எண்ணெய்ப் பரு என்று பழைய காலம் முதல் தெரிந்த ஒன்று. முகத்துக்கு வாங்கிய ஜெல்லைத் தொடைக்குப் பூசி இதைத் தீர்க்க முடியாது. ஏப்ரன், எண்ணெய் ஊறிய உடையை அன்றன்றே மாற்றுவது, ஷிப்ட் முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது ஆகியவைதான் முதல் மருந்து. இதில் கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு: எண்ணெய் தெறிக்காத மூடியும் மாற்று உடையும் தொழிலாளி கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டியவை அல்ல.

ஹெல்மெட் வார் தாடையில் அழுந்தும் இடத்திலும், மாஸ்க் உரசும் இடத்திலும் பரு தனியாகக் கிளம்பும். வாரையும் உள் மெத்தையையும் துவைத்துக் காய வைப்பது உதவும். அதற்காக ஹெல்மெட்டையே தவிர்ப்பது வழி அல்ல.

நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது, "ராத்திரி பூசணும்னு சொல்றாங்க, நான் ராத்திரி மெஷின்ல இருக்கேன், என்ன பண்றது?" என்று. இரவு என்பது தூங்கும் நேரம், அவ்வளவுதான். அடாபலின் வெளிச்சத்தில் சிதையாது என்பதால், காலையில் வீடு திரும்பிக் குளித்துத் தூங்கப் போகும்போது பூசினால் போதும். எழுந்து கழுவிவிட்டு வெயிலில் இறங்கும் முன் சன்ஸ்க்ரீன் போட வேண்டும்.

வைக்கும் இடம் இன்னொரு பிரச்சினை. கோடையில் தமிழகத்தின் அதிக வெப்பம் பதிவாகும் இடங்களில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் பைக் டிக்கியில் கிடக்கும் ட்யூபின் கதி என்ன? பென்சாயில் பெராக்சைடு அதிக வெப்பத்தில் சிதைந்து பென்சீன் என்ற நச்சுப்பொருளைத் தரக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 95 தயாரிப்புகளைச் சோதித்து, 2025 மார்ச்சில் முடிவை வெளியிட்டது. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிக மிகக் குறைவு. ஒரு சில திரும்பப் பெறப்பட்டன. பயந்து நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் ட்யூபை பைக்கிலும் ஜன்னலோரத்திலும் விடக் கூடாது. பெட்டியில் போட்டிருக்கும் வெப்ப அளவைப் பார்த்து வீட்டிலேயே குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. தேதி முடிந்ததைத் தூக்கிப் போட வேண்டும்.

பருவை வளர்க்கும் க்ரீம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதுவாக இருக்கட்டும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் எது பெட்டியில் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முகத்தை வெளுப்பாக்கும் என்று சொல்லி, ஹைட்ரோகுவினோன், ட்ரெடினோயினோடு கலந்தும் இது விற்கப்படுகிறது. பூசிய இரண்டு மூன்று நாளில் சிவப்பு அடங்கும், முகம் பளிச்சென்று ஆகும். அதனால்தான் ஆட்கள் அதை விடுவதில்லை. மாதங்கள் போனதும் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, வெயில் பட்டால் எரிந்து, முகம் முழுக்கப் பருவாகக் கொட்டும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். மறுபடி அதையே பூசுவார்கள்.

இந்தியத் தோல் மருத்துவர்கள் நாடு முழுக்க 12 மையங்களில் இதை ஆராய்ந்து 2011இல் தங்கள் இதழில் வெளியிட்டார்கள். முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அதாவது 14.8 சதவீதம். அவர்களில் 257 பேருக்கு அதைச் சொன்னது மருத்துவரே அல்ல. பக்க விளைவுகளில் முதலிடம் பிடித்தது பரு. பருவுக்கென்று வாங்கிப் பூசி, பருவையே வாங்கிக்கொண்டவர்களும் இதில் அடக்கம். மருத்துவர்களின் தொடர்ந்த முயற்சிக்குப் பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்டில் 156 மருந்துக் கூட்டுகளுக்கு விதித்த தடையில் தோலுக்கான சில கூட்டுகளும் உண்டு. சட்டம் இருந்தும் அக்காள் பூசியதைத் தங்கை பூசுவதும், ரூம்மேட் ட்யூபை மற்றவர் எடுப்பதும் நின்றபாடில்லை.

ஏற்கெனவே பல மாதம் அப்படி ஒரு க்ரீம் பூசி வருகிறவர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டு இரட்டை ஜெல்லுக்கு மாறக் கூடாது. மெலிந்துபோன தோலில் பென்சாயில் பெராக்சைடு தாங்க முடியாத அளவு எரியும். மருத்துவர் பார்த்துத்தான் அதிலிருந்து இறக்க வேண்டும்.

ஜெல்லுக்கு அடங்காத பருவும் உண்டு. தோலுக்கடியில் கல்லாக வலிக்கும் கட்டிகள், பள்ளம் விழ ஆரம்பித்த கன்னம், முதுகு மார்பு முழுக்கப் பரவியது ஆகியவற்றுக்கு மாத்திரை தேவைப்படும். பன்னிரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே போக வேண்டும், ஏனென்றால் விழுந்த பள்ளத்தை எந்த ஜெல்லும் நிரப்பாது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து, தாடையில் முடியும் பருவும் சேர்ந்து வருகிற பெண்கள் சினைப்பை நீர்க்கட்டிக்கும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

திருப்பாச்சூர்க்காரர்களுக்கு இதற்காகச் சென்னை வரை அலைய வேண்டிய கட்டாயம் இல்லை. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு ஒரு பஸ் தூரம். போகும்போது வீட்டில் இருக்கும் பழைய ட்யூப்கள் அத்தனையையும், பாதி தீர்ந்தது, பெயர் அழிந்தது என்று பார்க்காமல், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதை எத்தனை நாள் பூசினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் புது ட்யூபை எழுதும் முன் அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தகவல்தான்.